மீண்டும் டேங்க் கேம்: 1990களின் நெல்லைச் சிறாரும் தொலைக்காட்சி விளையாட்டுப் பெட்டியும்

திறவுச்சொற்கள்: பேட்டில் சிட்டி, டிவி கேம், வாய்மொழிச் சான்று, திருநெல்வேலி, ரத வீதி

முன்னுரை

நெல்லைச் சீமையின் ஆங்கில வருவாய்ப் பதிவேடுகளில் ‘டேங்க்’ என்னும் சொல் குளத்தையே குறித்து வந்தது. 1917இல் வெளியான ஹெச். ஆர். பேட்டின் திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடியிலும் அதுவே பொருள். அதற்கு ஓராண்டு முன்னர், 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சின் சோம் போர்முனையில் பிரித்தானியப் படை கவச ஊர்திகளை முதன்முறையாகக் களமிறக்கியது. இரகசியம் காக்கும் பொருட்டு அவற்றிற்கு இடப்பட்ட மறைபெயரும், நீர்த்தொட்டி என்ற பொருளில், ‘டேங்க்’ என்பதே. நயினார்குளத்தருகே வளர்ந்த எம் போன்றோர் 1990களில் ‘டேங்க் கேம்’ என்றபோது குளம் எவர் நினைவிலும் இல்லை. அவ்வாட்டத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆடியபோது எழுந்த ஐயங்களும், அவற்றின் வழியே நினைவைச் சான்றாகக் கொள்வதில் உள்ள இடர்களும் இக்கட்டுரையின் பொருள்.

ஆட்டமும் பெட்டியும்

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் டேங்க் பட்டாலியன் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதன் வழித்தோன்றலாக, நின்டெண்டோவின் பேமிகாம் பெட்டிக்கென 1985இல் வந்தது பேட்டில் சிட்டி. திரையின் அடிப்பகுதியில் கழுகுச் சின்னம். அதைச் சுற்றிச் செங்கல் அரண். மேலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் இருபது பகை ஊர்திகள். மொத்தம் 35 கட்டங்கள். நான்காவது, பதினொன்றாவது, பதினெட்டாவது ஊர்திகள் மின்னிக்கொண்டு வரும். அவற்றைச் சுட்டால் நட்சத்திரம், மண்வெட்டி, கடிகாரம் போன்ற பரிசுகளுள் ஒன்று தோன்றும். தன் குண்டாலேயே தன் கழுகை அழித்துக்கொள்ளவும் இயலும் என்பது பல சகோதரச் சண்டைகளுக்கு வித்திட்டது. இதனைப் போர் ஒப்புருவாக்கம் என்பது சற்று மிகை. அட்டாரியின் பேட்டில்சோன் (1980) அமெரிக்கத் தரைப்படையின் பயிற்சிக்கென மாற்றி அமைக்கப்பட்டது. நம் ஆட்டத்திற்கு அத்தகைய பாவனை எதுவும் இல்லை.

நெல்லைக்கு வந்தவை பேமிகாமின் நகற்பெட்டிகள். நுகர்பொருள் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 வரை முழுமையாக நீங்காத நாட்டில், ‘டிவி கேம்’ என்ற பொதுப்பெயரில், ஊதி ஊதிச் செருகப்பட்ட ‘கேசட்’டுகளுடன் அவை வீடுகளில் புழங்கின. அட்டையில் அச்சிடப்பட்ட ஆட்ட எண்ணிக்கைக்கும் உள்ளே உண்மையில் இருந்தவற்றுக்கும் தொடர்பில்லை என்பதை அக்காலத்தவர் அனைவரும் அறிவர்.

வேகம் பற்றிய ஐயம்

அண்மையில் பழைய ஆட்டங்களை இயக்கும் கைக்கருவி ஒன்றில் பேட்டில் சிட்டியை ஆடினேன். ஊர்திகள் விரைந்தன, தொடக்க இசையும் முன்பிலும் வேகமாக ஒலித்தது. வயதினால் கை தளர்ந்ததென்றே முதலில் கருதினேன். ஆனால் இசையின் வேகத்தைக் கைத்தளர்ச்சி மாற்றாது.

விடை தொலைக்காட்சி முறையில் இருந்தது. ஜப்பானின் என்டிஎஸ்சி முறையில் நொடிக்கு ஏறத்தாழ 60 முறையும், இந்தியா கைக்கொண்ட பால் முறையில் 50 முறையும் திரை புதுப்பிக்கப்படும். பேட்டில் சிட்டி தன் அசைவுகளைத் திரைப் புதுப்பிப்பைக் கொண்டே கணக்கிடுகிறது. ஆகவே பால் பெட்டியில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஜப்பானியச் சிறுவன் 3 நிமிடங்களில் முடிக்கும் கட்டம் இங்கே 3 நிமிடம் 36 நொடி நீளும். பால் நாடுகளுக்கென உருவான நகற்பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில் செயலியின் துடிப்பு 1.79 மெகாஹெர்ட்சிலிருந்து 1.77 ஆக மட்டுமே குறைந்திருந்தது. எனவே இசை மெதுவாயிற்றேயன்றிச் சுருதி ஏறக்குறைய மாறவில்லை. என் செவி நினைவில் வைத்திருந்ததும் அதுவே: அதே சுருதி, தணிந்த நடை. இவ்விடத்தில் நினைவு பிழைபடவில்லை.

ஊர்தி ஒன்று ஆற்றைக் கடந்ததாகவும் நினைவிருந்தது. பேட்டில் சிட்டியில் நீர் கடத்தற்கரியது. எனினும் அதனைத் திருத்தி, உரிமம் பெறாது பரப்பப்பட்ட ‘டேங்க் 1990’ என்ற வடிவில் படகுப் பரிசு உண்டு. அதைப் பெற்ற ஊர்தி நீரின்மேல் செல்லும். நாங்கள் ஆடியது அவ்வடிவத்தையும்தான் எனக் கொள்வதே பொருத்தம். மாறாக, 35ஆம் கட்டத்தை வென்றால் வாணவேடிக்கையோடு ஆட்டம் நிறைவுறும் என்று தெருவில் உறுதியாகச் சொல்லப்பட்டது. நானும் அதைக் ‘கண்டதாகவே’ நினைவு கொண்டிருந்தேன். உண்மையில் பேட்டில் சிட்டி முதற்கட்டத்திற்கே திரும்புகிறது. காணாததைக் கண்டதாக இத்தனை ஆண்டுகள் நம்பியது வியப்பளித்தது.

அழிந்துபோன வரைபடம்

பேட்டில் சிட்டியில் ஆடுவோரே களம் அமைக்கும் வசதி உண்டு. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டங்கள். செங்கல், எஃகு, நீர், காடு, பனி ஆகியவற்றை விருப்பம்போல் நிரப்பலாம். என் அண்ணன் அதில் நெல்லை டவுணை அமைத்தார். நடுவே நெல்லையப்பர் கோயில் எஃகுச் சதுரம். சுற்றி வெற்றிடமாக நான்கு ரத வீதிகள். வீதிகளுக்கு வெளியே செங்கல் வீடுகள். கழுகு எப்போதும் திரையின் அடியில் இருப்பதால் அது இயல்பாகவே தெற்கு ரத வீதிக்கு அப்பால் அமைந்தது. தேர் செல்லும் வீதிகளில் பகை ஊர்திகள் சுற்றிவருவதை நாங்கள் பெருமிதத்துடன் பார்த்தோம்.

கேசட்டில் மின்கலம் இல்லை. பெட்டியின் நினைவகமோ 2 கிலோபைட். மின்தடை வந்ததும் களம் அழியும். மறுநாள் அண்ணன் மீண்டும் அமைப்பார். நாம்கோ வடிவமைத்த 35 கட்டங்களும் பிட்டுப் பிசகாது உலகெங்கும் பாதுகாக்கப்பட்டுள்ளன. நெல்லையிலோ வேறெங்கோ சிறார் அமைத்த களங்களுக்கு அத்தகைய படி இல்லை. எவரும் ஒளிப்படம் எடுத்து வைத்திருந்தாலன்றி அவற்றை மீட்க வழியில்லை.

கைக்கருவியில் அக்களத்தை மீண்டும் அமைத்து அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். வாகையடி முக்கில் செங்கல் வைத்தது சரி என்றார். பொற்றாமரைக் குளத்திற்கு நான் ஒரு நீர்க்கட்டம் இட்டிருந்தேன். அவரோ தாம் இரண்டு இட்டதாகவும், கோயிலுக்குள் அன்றி வீதியோரமாகவே அது இருந்ததாகவும் சொல்கிறார். அவ்வாறாயின் அது நயினார்குளமாக இருந்திருக்க வேண்டும். அண்ணனும் அதை மறுக்கவில்லை. எந்தக் குளம் என்பதுதான் அவருக்கும் நினைவில்லை.