கடைக்காரரின் உரிமையும் பயணியின் உரிமையும்

1960 பிப்ரவரி 1ஆம் நாள், அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர் நால்வர் வுல்வொர்த் கடையில் சில பொருள்களை வாங்கினர். அவர்களது பணத்தை ஏற்றுக்கொண்ட அக்கடை, உணவுப் பிரிவில் அமர்ந்து காப்பி கேட்டபோது தர மறுத்தது. மாணவர்கள் எழவில்லை. அறப்போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. விற்பனை சரியவே, ஜூலையில் கடை பணிந்தது.

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம், உணவகம், தங்கும் விடுதி, திரையரங்கு ஆகியவற்றில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. மேலவை உறுப்பினர் பேரி கோல்ட்வாட்டர் இதனை எதிர்த்து வாக்களித்தார். இனப் பாகுபாட்டைத் தாம் வெறுப்பதாகக் கூறிய அவர், தனியார் தொழிலில் நடுவண் அரசு தலையிடலாகாது என்றார். தனிமனித சுதந்திரவாதிகள் பலரும் இவ்வாறே வாதிடுவர். பாகுபாடு காட்டும் வணிகர் நட்டமடைவார். சந்தையே அவரைத் திருத்தும் என்பது அவர்கள் கருத்து.

கிரீன்ஸ்பரோ இதற்குச் சான்றாகத் தோன்றலாம். ஆயின், அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட விடுதியொன்று சட்டம் வந்த பின்னரும் திருந்தாமல் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 14இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தின் பக்கம் நின்றது.

இரவில் அறை தேடி வரும் பயணி, சந்தை திருந்தும்வரை வாசலில் காத்திருக்க இயலுமா? உரிமை என்னும் சொல்லைக் கேட்டதும், ‘யாருடைய உரிமை?’ என்று வினவ நம் பிள்ளைகளைப் பழக்குவோம்.