புற்றுக்காளானும் தரங்கம்பாடி டாக்டரும்

காளானுக்குச் சங்கத் தமிழில் ஆம்பி என்று பெயர். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு பாணன் வீட்டு அடுக்களையைக் காட்டுகிறார். பழைய சுவரைக் கறையான் அரித்து உதிர்ந்த மண்ணில் காளான் பூத்திருக்கிறது. வீட்டுக்காரியோ குப்பைக் கீரையைப் பறித்து வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். புலவர் சொல்ல வந்தது வறுமையை. அது எந்தக் காளானோ, கறையானையும் காளானையும் சேர்த்துப் பார்த்த அந்தக் கண் வியப்புக்குரியது.

ஏனென்றால் நமக்குப் பழக்கமான புற்றுக்காளானின் கதையே இந்தச் சேர்க்கைதான். "இடி இடிச்சா காளான் வரும்" என்பார்கள் நம் பக்கத்தில். உண்மையில் இடியோடு வரும் மழையில் மண் நனைந்து இளகியதும் அது தலைநீட்டும். குடை விரிவதற்குள் எடுத்தால் ருசி. மண் போகக் கழுவி, கையால் கிழித்து, சின்ன வெங்காயமும் மிளகும் சீரகமும் சேர்த்து வதக்கினால் தானே தண்ணீர் விட்டு வேகும். தேங்காய் அரைத்து ஊற்றினால் கறிக்குழம்பு தோற்கும். பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும்.

புற்றுக்குள் பூஞ்சை வளர்வதை ஐரோப்பிய அறிவியல் உலகுக்கு முதலில் எழுதியவர் நம் தஞ்சைக் கடற்கரையில் வேலை பார்த்த ஒரு டாக்டர். பெயர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர். 1768-ல், டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்தார். செடிகொடிகளைத் தேடி அலைந்தவர், கறையான் புற்றுகளையும் ஆராய்ந்து 1779-ல் ஜெர்மன் மொழியில் கட்டுரை வெளியிட்டார். ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றிப் புகழ்பெற்ற கட்டுரையை ஸ்மீத்மன் என்பவர் எழுதியது அதற்குப் பிறகு, 1781-ல்தான். 1906-ல் பேராதனையில் இருந்த பெட்ச், இலங்கைப் புற்றுகளின் காளான்களை விரிவாக எழுதினார். 1942-ல் பிரெஞ்சுக்காரர் ரோஜர் ஹெய்ம் இந்தக் காளான் பேரினத்துக்கு 'டெர்மிட்டோமைசிஸ்' என்று பெயரிட்டார். அவர் பெயரையே ஒரு தென்னிந்தியப் புற்றுக்காளானுக்கு 1979-ல் சூட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன்.

இவர்கள் கண்டறிந்தது இதுதான். கறையான் ஒரு விவசாயி. காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, அந்த எச்சத்தால் புற்றுக்குள் தேன்கூடு போலப் பாத்தி கட்டுகிறது. அதில் வளரும் பூஞ்சைதான் அதன் சோறு. மழைக்குப் பிறகு அந்தப் பூஞ்சை மண்ணைத் துளைத்து மேலே விடும் குடைதான் நாம் பறிப்பது. அதனால்தான் அதன் காம்பு வேர் போல ஆழமாக இறங்கிப் போகிறது.

மேற்கு வங்கத்தில் கிடைத்த பால்காளானுக்கு 1974-ல் அறிவியல் பெயர் வைத்தார்கள். வேளாண் பல்கலைக்கழகம் அதில் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தை வெளியிட்டது. இன்று வைக்கோலும் கொட்டகையும் இருந்தால் யாரும் வளர்க்கலாம். புற்றுக்காளானை அப்படிக் கொட்டகைக்குக் கொண்டுவர முடியவில்லை. கறையான் இல்லாமல் அது குடை விடுவதில்லை.

நம் வயதுக்கு இது நல்ல உணவு. முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், கொழுப்பு மிகக் குறைவு, ஓரளவு புரதமும் உண்டு. ஒரு எச்சரிக்கை. வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்ல காளான் என்பது பொய். உயிரைக் கொல்லும் சில காளான்களைத் தின்றால் வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். அதற்குள் விஷம் ஈரலைத் தாக்கத் தொடங்கியிருக்கும். நம் பாட்டிமார் காசை நம்பவில்லை. எந்தப் புற்றில், எந்த மாதத்தில், எந்தக் காளான் வரும் என்று ஆண்டாண்டாகப் பார்த்து வைத்திருந்தார்கள். மண்ணைத் தோண்டி, காம்பு புற்றுக்குள் போகிறதா என்றும் பார்த்தார்கள். அப்படித் தெரிந்தவர் கூட இல்லாவிட்டால் காட்டுக்காளானைத் தொட வேண்டாம்.

இன்று மனைப்பிரிவு போடும்போது பொக்லைன் முதலில் தட்டுவது புற்றைத்தான். ஒரு புற்று போனால் பல வருடங்களாகக் கறையான் வளர்த்த தோட்டம் போகிறது. உங்கள் நிலத்தின் மூலையில் ஒரு புற்று இருந்தால், வீட்டுக்கும் மரச் சாமானுக்கும் தொந்தரவில்லை என்றால், அதை விட்டுவையுங்கள். அது எங்கே இருக்கிறது, எப்போது காளான் விடும் என்பதைப் பேரன் பேத்திகளுக்குக் காட்டிவிடுங்கள்.