பத்திரமும் பட்டப்படிப்பும்

பிள்ளையின் மேல்படிப்புக்குக் கடன் கேட்டு வரும் நம்மவர்கள் முதலில் நீட்டுவது வீட்டுப் பத்திரத்தைத்தான். எல்லாக் கடனுக்கும் அது தேவையில்லைங்க.

1892-லேயே ஜாம்ஷெட்ஜி டாடா, மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு நிதி ஏற்படுத்தினார். தானமில்லை, கடன். படித்து, சம்பாதித்துத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆனால் அது கிடைத்தது சிலருக்கே. மற்றவர்களுக்கு நகையும் நிலமும்தான்.

2001-ல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் வந்தது. அன்றைக்கு 4 லட்சம் வரை அடமானம் வேண்டாம் என்றார்கள். 2015-ல் வந்த கடன் உத்தரவாத நிதி, அடமானமில்லாத ஏழரை லட்சம் வரையிலான கடனுக்குப் பொறுப்பேற்றது. அப்பாவின் சொத்தைவிடப் பிள்ளையின் நாளைய சம்பளத்தை நம்பும் ஏற்பாடு இது.

தவணை படிப்பு முடிந்த பிறகுதான். வட்டியோ பணம் வாங்கிய நாளிலிருந்தே ஓடும்! லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால், இரண்டு வருஷத்தில் தனிவட்டியே 20,000 ரூபாய். பட்ஜெட்டில் பீஸ், ஹாஸ்டலுக்குக் கீழே அதையும் எழுதிக்கோங்க.