டன்னும் பதமும்: ஏ.சி. வழியே வந்த இரண்டு வணிகச் சொற்கள்

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்க நூலக அறைக்கு ஏ.சி. வாங்குவது பற்றிப் பேச்சு நடந்தது. ஒருவர் ‘ஒன்றரை டன்’ என்றதும், வயதில் மூத்த உறுப்பினர், “ஆயிரத்தஞ்ஞூறு கிலோவை இந்தச் செவுரு தாங்குமாய்யா?” என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்தவர்களில் டன்னுன்னா என்னவென்று சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, நானும்தான். நாற்பது வருஷமாக நூல் வியாபாரம் செய்பவன் அளவை தெரியாமல் சரக்கு வாங்குவதா என்று வெட்கமாகிவிட்டது. அன்று தொடங்கிய தேடலே இக்கட்டுரை.

பெரியவர் கேட்டதில் முழுப் பிழை இல்லை. டன் என்பது எடைதான். ஆனால் ஏ.சி.யின் எடை அன்று, பனிக்கட்டியின் எடை.

இயந்திரக் குளிர் வருமுன் பனிக்கட்டியே ஒரு சரக்கு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஏரிகள் குளிர்காலத்தில் உறையும். அந்தக் கட்டியை அறுத்து, மரத்தூள் பொதிந்து, கப்பலேற்றி விற்றவர் பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர். 1833 மே மாதம் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் கட்டியுடன் புறப்பட்டது. நான்கு மாதம் கடலில் கிடந்து செப்டம்பரில், நாம் பிழைக்க வந்த இந்தக் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் மிஞ்சியிருந்தது. வழியிலேயே எண்பது டன் சேதாரம்! அப்படியும் அந்த வியாபாரம் பல பத்தாண்டுகள் நடந்தது. சென்னையில் இதற்கென 1842-இல் எழுந்த கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். கட்டி வியாபாரம் போய் நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பேட்டைக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் போகவில்லை.

பின்னர் குளிர்விக்கும் இயந்திரம் வந்தது. வாங்குகிறவர்களுக்குப் பழக்கமான அளவையோ கட்டிதான். நீராவி எந்திரத்தைக் குதிரையால் அளந்தார்கள் அல்லவா, அதே கதை. ஒரு நாளில் ஒரு டன் கட்டி உருகும்போது கிடைக்கும் குளிர்ச்சியே ஒரு டன். அமெரிக்க டன்னுக்கு 2000 ராத்தல். ஒரு ராத்தல் கட்டி உருக 144 பி.டி.யூ. வெப்பம் வேண்டும். (ஒரு ராத்தல் தண்ணீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடேற்றும் வெப்பமே ஒரு பி.டி.யூ. குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்கும் உலைக்கும் இதுவே அளவை.) பெருக்கினால் 2,88,000. அதை 24 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 12,000. ஒன்றரை டன்னுக்கு 18,000.

மின்சாரக் கணக்கில் சொன்னால், ஒரு டன் ஏ.சி. ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளும். அதற்கு இழுக்கும் கரண்டு அதில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோ. எவ்வளவு குறைவு என்பதைத்தான் மேலே ஒட்டியிருக்கும் நட்சத்திரம் சொல்கிறது. டன் வேலையின் அளவு, நட்சத்திரம் கூலியின் அளவு.

இது தெரியாமல் நான் நஷ்டப்பட்டவன். என் படுக்கையறை மொட்டைமாடிக்குக் கீழே, மேற்கு வெயில் படும் இடத்தில் இருக்கிறது. “சின்ன ரூம்தானே தாதா” என்று சொல்லி ஒரு டன்னைத் தலையில் கட்டிவிட்டார் கடைக்காரர். இரவெல்லாம் ஓடியும் அறை குளிரவில்லை, பில்தான் சுட்டது. நீள அகலம் கேட்டாரே தவிர வெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்தது ‘கண்டிஷனிங்’. இது எங்கள் நூல் தொழில் சொல் என்று அறிந்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. பருத்தி நூல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். காய்ந்தால் அறுந்துபோகும், எடையும் குறையும். அதற்கு அளவான ஈரம் ஏற்றுவதே கண்டிஷனிங். நம் வழக்கில் பதப்படுத்துவது. 1902-இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்குக் கருவி அமைத்ததும் ஈரத்தால் காகிதம் உப்பி வண்ணம் விலகியதைத் தடுக்கத்தான். 1906-இல் ஸ்டூவர்ட் கிரேமர் என்னும் நூற்பாலைப் பொறியாளர், நூலுக்குச் செய்வதைக் காற்றுக்கும் செய்கிறோம் என்ற கருத்தில் ‘ஏர் கண்டிஷனிங்’ எனப் பெயரிட்டார். ஆகவே ‘குளிர்சாதனம்’ பாதிப் பொருளையே தருகிறது. ‘காற்றுப் பதனி’ எனச் சிலர் எழுதுவதே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

நூலக ஏ.சி. வந்த பிறகு, வெளிக்குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து ‘மெஷின் ஒழுகுது’ என்று சில அன்பர்கள் புகார் சொல்கிறார்கள். அது அறைக்காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம். அறைக்குள்ளே சொட்டினால் மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் போதும்.