கரை எங்கே முடிகிறது?

சட்டத்தில் இடம்பெற்ற ஒற்றைச் சொல் ஒரு நகரத்தின் கால் நூற்றாண்டுப் பூசலுக்கு வழிவகுத்திருக்கிறது. நகரம், கோவாவின் தலைநகர் பணஜி. சொல், ‘ஆஃப்ஷோர்’.

1976ஆம் ஆண்டின் கோவா, டாமன், டையூ பொதுச் சூதாட்டச் சட்டம் சூதாட்டத்தைத் தடுக்க வந்தது. 1992ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்து நட்சத்திர விடுதிகளில் சூதாட்ட இயந்திரங்களுக்கு இடமளித்தது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் ‘ஆஃப்ஷோர்’ கப்பல்களில் மேசைச் சூதாட்டத்தை அனுமதித்தது. அச்சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழுவது கரையை விட்டு விலகிய கடல். கப்பல்கள் நங்கூரமிட்டதோ பணஜியை ஒட்டி ஓடும் மாண்டோவி ஆற்றில். கொங்கணியில் ஆறு ‘ந்ஹய்’, கடல் ‘தர்யா’. மக்கள் பேச்சில் இவ்விரண்டுக்கும் குழப்பமில்லை. நிர்வாகத்தின் மொழியில்தான் ஆறு கடலாயிற்று. 1996இல் கோவா சட்டமன்றம் கூடியதும் அதே ஆற்றங்கரையில், ஆதில் ஷா அரண்மனையில்தான்.

கப்பல் நீரில் நின்றாலும் அதன் வணிகம் கரையை நம்பியே நடக்கிறது. நுழைவுச்சீட்டு அலுவலகம், படகுத்துறை, வாகன நிறுத்தம், விளம்பரப் பலகை ஆகிய அனைத்துக்கும் நகரத்தின் நிலம் வேண்டும். எனவே குடியிருப்போரின் எதிர்ப்பை வெறும் ஒழுக்கவாதம் என்று ஒதுக்கிவிட இயலாது. நெரிசலும் இரவு இரைச்சலும் ஆற்றில் கலக்கும் கழிவு குறித்த அச்சமும் அதில் உண்டு. அவற்றுக்கு அடியில் இருப்பது, ஆற்றங்கரை யாருக்கு உரியது என்னும் கேள்வி.

அரசின் நெருக்கடியையும் மறுக்க முடியாது. எதிர்க்கட்சியிலிருந்தபோது கேசினோக்களைக் கடுமையாகச் சாடிய மனோகர் பாரிக்கர் 2012இல் முதலமைச்சரானார். அவ்வாண்டே இரும்புத்தாதுச் சுரங்கங்கள் நிறுத்தப்பட்டன. வருவாயும் வேலைவாய்ப்பும் சுருங்கின. கப்பல்களை இடம்பெயர்க்கும் பேச்சு ஓயவில்லை, காலநீட்டிப்பும் ஓயவில்லை.

2020 பிப்ரவரி முதல் கோவாவாசிகள் கேசினோவில் சூதாடத் தடை நடைமுறைக்கு வந்தது. சூதாட்டத்தால் தீங்கு உண்டென அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. ஆனால், அத்தடை காப்பது சூதாட விழையும் உள்ளூர்வாசியை மட்டுமே. கப்பலில் ஒருநாளும் கால் வைக்காமல், அதன் கரையில் வாழ்பவருக்கு அதில் ஏதுமில்லை.

நகர வரலாற்றை ஆராய்வோர் உரிமங்களையும் வருவாய்க் கணக்குகளையும் படித்தால் மட்டும் போதாது. சட்டச் சொற்களின் பொருள் எங்கே நெகிழ்ந்தது, அந்த நெகிழ்வின் விலையை யார் கொடுத்தார் என்றும் கேட்க வேண்டும். பணஜியில் அந்த விலையைக் கொடுத்துவருவோர் கரையில் வாழ்பவர்களே.