ஈன்றணிமையும் கொடைப்பொருளும்

மகப்பேறு நிகழ்ந்த மனைக்கு வெறுங்கையுடன் செல்லலாகாது என்பது தமிழ் மக்களின் நெடுநாளைய வழக்கு. ஆயின், எடுத்துச் செல்லும் பொருள் யாருக்கு உரியது? மோதிரம், அரைஞாண், காப்பு, சட்டை ஆகிய யாவும் குழவிக்கே உரியன. ஈன்றவளுக்கென ஒன்றை எண்ணிப் பார்த்துத் தேர்ந்து கொடுப்பார் சிலரே. பண்டும் இவ்வாறே இருந்ததா என்னும் வினாவிற்குச் சங்கச் செய்யுட்களில் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழவிக்கு அணிந்தவை பற்றிய சான்றுகள் வெளிப்படையானவை. புலிப்பற்றாலி பூண்ட புதல்வனைக் குறுந்தொகை 161 ஆம் பாட்டு காட்டுகின்றது. பாண்டியன் நெடுஞ்செழியன் தாலி களையாத இளமையிலேயே போர்க்களம் புகுந்தமையை இடைக்குன்றூர்கிழார் புறநானூற்று 77 ஆம் பாட்டில் வியந்து பாடினார். ஐம்படைத்தாலி பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஈண்டு விரித்தல் வேண்டா. தாயின் பக்கமே இதுகாறும் போதிய ஒளி பெறவில்லை.

ஈன்றணிமையைக் குறிக்கும் பழஞ்சொல் 'புனிறு' என்பது. தொல்காப்பிய உரியியல் இச்சொற்கு இப்பொருளையே வரையறுக்கின்றது. தீட்டு என்னும் கருத்து அந்நூற்பாவில் இல்லை. கற்பியலில் தலைவன் கூற்று நிகழும் இடங்களைத் தொகுக்கும் நூற்பாவும், புதல்வனைப் பெற்றவள் நெய்யணிந்திருக்கும் காலத்தைச் சிறப்புச் செய்தற்குரிய காலமாகவே எண்ணுகின்றது. எனினும் ஒரு சாரார், ஈன்ற மகளிரை அஞ்சத்தக்க ஆற்றல் உறையும் இடமாகப் பண்டையோர் கருதினர் என்றும், நெய்யும் ஐயவியும் அவ்வச்சத்தின் அடையாளங்களே என்றும் கொள்வர். இக்கொள்கை முழுதும் பிழையன்று. ஆயினும், அது செய்யுட்களில் உள்ள பொருள்கள் அனைத்திற்கும் விளக்கம் தருவதாக இல்லை.

நற்றிணை 40 ஆம் பாட்டை நோக்குக. காவல் அமைந்த மனையில் மணி ஒலிக்கின்றது. பந்தரில் மணல் பரப்பப்பட்டுள்ளது. ஒருபால் மகளிர் நற்சொல் கேட்டு நிற்கின்றனர். மணங்கமழத் துணி விரித்த மெல்லிய அணையில் புதல்வன் உறங்குகின்றான். யாருடன் உறங்குகின்றான் என்பதே இங்கு உற்றுநோக்கத் தக்கது. தாயுடன் அன்று, செவிலியுடன். புனிற்று மணமும் அச்செவிலிமேல் வைத்தே கூறப்படுகின்றது. தாயோ ஐயவி அணிந்து, நெய்யாடி, இமை பொருந்தித் துயில்கின்றாள். குழவியின் பொறுப்பை மற்றொருத்தி ஏற்றமையாலன்றோ ஈன்றவள் இமை பொருந்துகின்றது? அம்மனையோர் அவளுக்கு அளித்த பெரும்பொருள் உறக்கமே என்பது என் கருத்து. இதனைப் புலவர் தனியே எடுத்துரைக்கவில்லை. பாட்டின் அமைப்பே உணர்த்துகின்றது.

இனி, நெய்யும் ஐயவியும் தீட்டின் அடையாளங்களே எனின், அவை வேறெங்கு வருகின்றன என்று ஆராய்தல் வேண்டும். ஐயவி என்பது வெண்சிறுகடுகு. போரிற் புண்பட்ட மறவனைப் பேணும் மனையைப் பாடும் அரிசில்கிழார், புறநானூற்று 281 ஆம் பாட்டில் ஐயவி சிதறுதலையும் மணி ஒலித்தலையும் நறும்புகை எடுத்தலையும் ஒருங்கே கூறுகின்றார். 296 ஆம் பாட்டிலோ கையில் நெய்யுடையோர் ஐயவி புகைக்கின்றனர். மணி, நறுமணம், நெய், ஐயவி என இந்நான்கும் நற்றிணையின் மகப்பேற்று மனையிலும் புறநானூற்றின் புண்பட்டோர் மனையிலும் உள்ளன. புண்பட்ட மறவனைத் தீட்டுடையவன் என்பார் எவரும் இலர். பேய் முதலியவற்றிற்கு அஞ்சிக் காத்தல் இரண்டிடத்தும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வச்சம் உடல் நொந்தவரைப் பற்றிய அச்சமன்று; அவர்பொருட்டு எழுந்த அச்சம். இவ்வேறுபாட்டைக் காணாது விடின், ஈன்றவளைச் சூழ்ந்திருந்த பொருள்கள் யாவும் விலக்கின் குறிகளாகவே தோன்றும்.

கணவன் கொணர்ந்தது யாது? இவ்விடத்துச் செய்யுட்கள் சற்றே கடுமையாகப் பேசுகின்றன. குறுந்தொகை 85 ஆம் பாட்டில், சூல் முதிர்ந்த பேடைக்கு ஈனில் அமைக்க வேண்டிச் சேவற்குருவி கரும்பின் மணமற்ற வெண்பூவைக் கோதி எடுக்கின்றது. சேவல் தேர்ந்தெடுத்த பொருள் அழகுடையதன்று, மணமுடையதன்று. மென்மை ஒன்றே உடையது. பேடைக்கு வேண்டுவதும் அதுவே. ஆனால் அத்தகைய ஊரனாகிய தலைவனின் அன்பு, தூது வந்த பாணனின் வாய்ச்சொல்லில் மட்டுமே உள்ளது என்று தோழி வாயில் மறுக்கின்றாள். குருவிக்குத் தெரிந்தது தலைவனுக்குத் தெரியவில்லை.

நற்றிணை 370 ஆம் பாட்டின் தலைவனோ நேரிலேயே செல்கின்றான். ஐயவியும் நெய்யும் விளங்கக் கிடந்தவளை நெருங்கி, 'புதல்வனைப் பெற்று முதுபெண்டாகி உறங்குகின்றனையோ' என்னும் கருத்துப்பட வினவிக் குவளை மலரை அவள் வயிற்றில் ஒற்றுகின்றான். அவள் நகைத்துக் கண்ணைக் கையாற் புதைத்துக்கொள்கின்றாள். மலர் நல்ல பொருளே. அவள் நகையே அதற்குச் சான்று. ஆயினும் நற்றிணை 40 இல் மனையோர் அரிதின் ஈட்டித் தந்த உறக்கத்தை இத்தலைவன் ஒரு பூவினாற் கலைத்துவிட்டான் என்பதையும் மறத்தற்கில்லை. இவற்றுள் பெரும்பாலன ஆடவர் நோக்கிலும் தோழியர் நோக்கிலும் அமைந்தவை. ஈன்றவளே பேசுமிடம் அரிது. ஐங்குறுநூற்று 65 ஆம் பாட்டில் அவள் பேசுகின்றாள். அப்போதும் ஒரு பொருளையும் வேண்டினாளல்லள். புதல்வனை ஈன்ற தன் மேனியைத் தழுவற்க என்றே கூறுகின்றாள்.

மனையளவில் நின்ற இப்பேணுதல் பிற்காலத்தில் பொதுக்கொடையாகவும் வளர்ந்தது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, ஏறத்தாழ 1069 ஆம் ஆண்டினது, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையைக் கூறும். பிணியாளரைப் பேணும் பெண்டிரையும் அது குறிப்பிடுகின்றது. ஆயின் மகப்பேற்றிற்கெனத் தனியிடம் அதில் காணப்படவில்லை. காகதீய அரசி உருத்திரமாதேவியின் காலத்தில், 1261 ஆம் ஆண்டில், குண்டூர்ப் பகுதியின் மல்காபுரத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டிலோ ஆரோக்கியசாலையும் பிரசூதிசாலையும் வெவ்வேறாகவே சுட்டப்படுகின்றன. ஈன்றவள் பிணியாளி அல்லள், ஆயினும் பேணத்தக்கவள் என்னும் தெளிவு அப்பிரிவினையில் உள்ளது.

தமிழ்நாட்டில் இதே எண்ணம் கல்வெட்டாகாமல் கதையாகியது. திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் வரலாற்றை எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் பாடுகின்றது. வணிகர் குலப் பெண்ணொருத்தி மகப்பேற்றை எதிர்நோக்கி இருக்கின்றாள். அவளுக்குத் துணையாக வரும் தாயைக் காவிரி வெள்ளம் தடுத்துவிடுகின்றது. வெள்ளம் வடிந்து தாய் வந்து சேருங்காறும் மனையில் இருந்து மகளைப் பேணியவர், தாயின் வடிவில் வந்த இறைவரே என்பது கதை. மகப்பேறு நலமாக முடிய வேண்டி அங்கு வாழைத்தார் படைப்போர் இன்றும் உளர்.