மன்னார் வளைகுடாக் கடற்பஞ்சுகள்: அடையாளம் கண்ட வரலாறு

கடற்பஞ்சுகள் துளையுடலிகள் என்னும் தொகுதியைச் சேர்ந்த விலங்குகள் ஆகும். இவை உடலிலுள்ள நுண்துளைகள் வழியே நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கின்றன. பாறை, சிப்பி, பவளம் ஆகியவற்றில் ஒட்டி வளர்கின்றன. கடல்நீர் மீன்தொட்டிகளில் இடப்படும் உயிர்ப்பாறை என்பது பல உயிர்கள் குடியேறிய பவளச் சுண்ணாம்புக் கல். அதில் எவரும் எதிர்பாராத கடற்பஞ்சு ஒரு நாள் தலைகாட்டுவதுண்டு. அது எந்த இனம், பவளத்துக்குக் கேடு செய்யுமா என்ற கேள்வி உடனே எழுகிறது. இதே கேள்வி தமிழகக் கடலிலும் எழுந்தது. அதற்கு விடை காண உதவும் அறிவு உருவாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தோற்றம் ஏன் போதாது

ஒரே இனக் கடற்பஞ்சு நீரோட்டம் மிகுந்த இடத்தில் படலமாகவும், அமைதியான இடத்தில் விரல் போலவும் வளரக்கூடும். நிறமும் ஒளிக்கேற்ப மாறும். கூட்டமாக வாழும் கடற்பீச்சிகளைக் கடற்பஞ்சு என்று எண்ணி ஏமாறுவதும் உண்டு. ஆகவே அறிஞர்கள் உடலுக்குள் இருக்கும் ஸ்பிக்யூல் எனப்படும் நுண்முட்களை நாடினர். 1864-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் இங்கிலாந்தின் பவர்பேங்க், இம்முட்களின் வடிவை வகைப்பாட்டின் முக்கிய அடிப்படையாகக் கொண்டார்.

லண்டனுக்குச் சென்ற மாதிரிகள்

கேப்டன் காவ்ன் வாரன் மன்னார் வளைகுடாவில் வாரியெடுத்த மாதிரிகள் லிவர்பூல் அருங்காட்சியகத்துக்கு அளிக்கப்பட்டன. முன்பு பம்பாயில் மருத்துவராகப் பணியாற்றிய எச். ஜே. கார்ட்டர் அவற்றை ஆராய்ந்து 1880-இல் அறிக்கை வெளியிட்டார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் சேகரித்தவற்றை ஆர்தர் டெண்டி ஆராய்ந்து, 1887-இலும் 1889-இலும் அறிக்கைகள் எழுதினார்.

1902-இல் இலங்கை முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய ஹெர்ட்மன் வந்தார். அவர் கொண்டுசென்ற கடற்பஞ்சுகளைப் பற்றிய டெண்டியின் அறிக்கை 1905-இல் வெளியாயிற்று. இராமேசுவரம் அருகிலுள்ள குருசடைத் தீவின் கடற்பஞ்சுகளை மாரிஸ் பர்ட்டன் விவரித்த கட்டுரை 1937-இல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் வந்தது. சேகரித்தது இங்கே, பெயரிட்டது பெரும்பாலும் அங்கே. முதல் மாதிரிகள் பலவும் அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் இருந்ததால், இங்குள்ள ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாக இல்லை.

மண்டபத்தில் நடந்த பணி

1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. 1971-இல் தலைமையிடம் கொச்சிக்கு மாறியது. இந்நிலையத்தின் பி. ஏ. தாமஸ் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா ஆகிய இரண்டிலும் 275 கடற்பஞ்சு இனங்களைப் பதிவு செய்தார். பவளத்தையும் சிப்பியோட்டையும் துளைத்துச் சிதைக்கும் கடற்பஞ்சுகளையும் அவர் ஆராய்ந்தார். ஒரு கடலில் புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், முன்பு அங்கே என்ன இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். இத்தகைய பட்டியலின் பயன் அதுவே.

பாக் விரிகுடாவின் கரும்படலம்

உயிருள்ள பவளத்தின் மீது கருஞ்சாம்பல் நிறத்தில் பரவும் ஒரு கடற்பஞ்சு 1970களின் தொடக்கத்தில் குவாம் தீவில் ஆராயப்பட்டது. அது மாதத்துக்குச் சராசரியாகச் சுமார் 23 மி.மீ. பரவுவதாக 1973-இல் பிரையன் எழுதினார். 1993-இல் ரூட்ஸ்லரும் மூசிக்கும் அதற்கு டெர்பியோஸ் ஹோஷினோட்டா எனப் பெயரிட்டனர். படலத்தின் தடிமன் 1 மி.மீ. அளவுக்கும் குறைவு. அதன் கருமைக்குக் காரணம் உடலுக்குள் வாழும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள்.

இக்கடற்பஞ்சு பாக் விரிகுடாப் பவளத்திட்டுகளிலும் ஊடுருவியிருப்பதை 2015-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை தெரிவித்தது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது பாசி படிந்த பவளமாகவே தோன்றும். நுண்நோக்கியில் குண்டூசி போன்ற முட்கள் தெரியும். அவற்றின் தலை உருண்டையாக இல்லாமல் பல மடல்களாகப் பிரிந்திருக்கும். பாசி என்று எண்ணி விட்டுவிட்டால், பவளம் மடிந்த பிறகே தவறு புரியும்.

அடையாளம் காணும் முறை

கடற்பஞ்சின் சிறு துண்டைக் கண்ணாடி வில்லையில் வைத்துச் சலவை வெளுப்பான் துளிகளை இட்டால் சதை கரைந்து முட்கள் எஞ்சும். எஞ்சிய முட்களைக் கழுவிய பின் வினிகரில் இட, அவை நுரைத்துக் கரைந்தால் சுண்ணாம்பு முட்கள். கரையாமல் நின்றால் சிலிக்கா முட்கள். முட்களே இல்லாத இனங்களும் உண்டு. அவற்றுக்கு நார்களின் அமைப்பையும் மரபணுவையும் பார்க்க வேண்டும். வெளுப்பானைக் கையாளும்போது கையுறை அணிவது அவசியம். வெளுப்பானும் வினிகரும் கலந்தால் நச்சு வாயு வெளிப்படும் என்பதால் இடையில் நன்கு கழுவுவதும் கட்டாயம்.

மீன்தொட்டியில் தோன்றும் கடற்பஞ்சுகளில் பல தீங்கற்றவை. சிறு வெண்குடுவை போன்ற சைக்கான் வகை நீரை வடிகட்டுவதோடு சரி. எனவே பார்த்தவுடன் சுரண்டி எறிவதும், பார்த்தும் பொருட்படுத்தாமல் விடுவதும் இரண்டுமே தவறாகலாம். முதலில் அது எது என்று அறிய வேண்டும். கார்ட்டர் முதல் தாமஸ் வரை செய்த பணி அதுவே.